பழைய எஸ்டீமுக்கு வீட்டிலேயே ஹெடர் மாட்டலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா ஓட்டிய 2001 மாடல் மாருதி எஸ்டீம், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) வண்டி. இஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டப் டப் என்று சத்தம் வருகிறது. ஒரிஜினல் மேனிஃபோல்டு தேடிக் கிடைக்கவில்லை. அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த 4-2-1 ஹெடர் (மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டுவது; நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும்) ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். வீட்டு வாசலில் தானே மாட்டிவிட முடியுமா, பவர் எவ்வளவு கூடும் என்பது கேள்வி.

முடியும் தம்பி. தாராளமாக முடியும். ஆனால் ஹெடரை மாட்டுவது ஒரு மணி நேர வேலைதான், 20 வருஷமாக வெந்து துருப்பிடித்த நட்டுகளை உடைக்காமல் கழற்றுவதுதான் உண்மையான வேலை. அதில் அவசரப்பட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிய வேண்டியது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்றும் அளவுக்குப் போய்விடும். எனக்கு ஒருமுறை போயிருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பவர் கேள்விக்குப் பதில். உங்கள் வண்டியில் இருப்பது 1298 சிசி, 16 வால்வு இஞ்சின். கம்பெனி சொன்ன பவர் 85 பிஎச்பி. ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), சைலன்சர் எதையும் தொடாமல் ஹெடர் மட்டும் மாற்றினால் கூடுவது கொஞ்சம்தான். மூன்று நான்கு குதிரை கூடினால் பெரிது. காரில் தனியாகப் போகும்போது 3000 ஆர்பிஎம்முக்கு மேல் இஞ்சின் கொஞ்சம் இலகுவாகச் சுழல்வது தெரியும். பத்து, பதினைந்து குதிரை கூடும் என்று யாராவது விற்றிருந்தால் அதை மறந்துவிடுங்கள். உங்களுக்கு மேனிஃபோல்டில் விரிசல் என்ற நியாயமான காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்காகச் செய்யுங்கள், பிக்கப் கொஞ்சம் கூடினால் அது உபரி.

அந்தக் கொஞ்சமும் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், நீங்கள் வாங்கிய ஹெடர் நல்லதா என்று நீங்களே பார்த்துவிடலாம். 3000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் இஞ்சின் விநாடிக்கு 100 முறை புகையை வெளியே அடிக்கிறது. வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிராங்க் திரும்புவது 180 டிகிரி. எக்ஸாஸ்ட் வால்வோ அதைவிட அதிக நேரம் திறந்திருக்கும். அதாவது ஒரு சிலிண்டரின் வாசல் இன்னும் மூடாதபோதே அடுத்த சிலிண்டர் அடித்த புகை வந்து மோதுகிறது. குட்டையான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் இந்த இடைஞ்சலுக்கு வழியே இல்லை. 4-2-1 ஹெடரில் 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாக, 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு ஜோடியாகச் சேர்ப்பார்கள். ஒரு ஜோடிக்குள் இடைவெளி 360 டிகிரி ஆகிவிடும், ஒன்றை ஒன்று இடிக்காது. அதோடு, வேகமாக ஓடும் புகை தன் பின்னால் ஒரு உறிஞ்சலை உண்டாக்கி மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நான்கு குழாயும் நேராக ஒன்றில் சேரும் 4-1 வகை ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு. அவர்களுடைய இஞ்சின் எப்போதும் மேல் ஆர்பிஎம்மிலேயே நிற்கும். அவிநாசி சாலையில் ஓடுகிற வண்டிக்கு 4-2-1தான் சரி. நல்ல தேர்வு செய்திருக்கிறீர்கள்.

சரி, இப்போது அந்த ஹெடரைக் கையில் எடுங்கள். ஜோடி சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 1, 2 ஒரு ஜோடி, 3, 4 ஒரு ஜோடி என்று வெல்டிங் சுலபத்துக்காகச் சேர்த்த ஹெடர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வெறும் வளைந்த குழாய். தனித்தனிக் குழாயின் விட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், 1300 சிசிக்கு அதுவே தாராளம். பெரிய குழாயில் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இருந்த இழுவையும் போய்விடும்.

அடுத்து ஃபிளேஞ்ச். ஹெட்டோடு ஒட்டும் அந்தத் தட்டை ஒரு கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை ஆடுகிறதா? இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.1 மில்லிமீட்டர் இதழ் எங்காவது நுழைகிறதா? நுழைந்தால் அப்படியே மாட்டாதீர்கள். வெல்டிங் சூட்டில் தட்டு வளைந்திருக்கிறது, மெல்லிய தட்டில் இது சகஜம். நான் ஒரு கடையில் வாங்கிய முதல் ஹெடரில் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. நடுவில் வைக்கும் பேக்கிங் (கேஸ்கெட்) அமுங்கி அடைத்துக்கொள்ளும் என்று அங்கே சொன்னார்கள். அடைக்கவில்லை. இரண்டே வாரத்தில் பேக்கிங் எரிந்து பழைய டப் டப் திரும்ப வந்தது. ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டு நேராக்கித் தருவார்கள். செலவு சொற்பம். புது பேக்கிங்கை ஃபிளேஞ்ச் மேல் வைத்து ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்றும் அப்போதே பாருங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய எஸ்டீமின் ஹெட் 8 வால்வு. அதற்குச் செய்ததை உங்களுக்குக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து ஈசியூவுக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாருக்கான இடமும் முக்கியம். சென்சார் மாட்டும் மரை, நான்கு குழாயும் சேர்ந்த பிறகு இருக்க வேண்டும். ஒரே குழாயில் வைத்திருந்தால் அது ஒரு சிலிண்டரின் கதையை மட்டும் ஈசியூவுக்குச் சொல்லும். சென்சாரின் தலை மேல்நோக்கி, படுக்கைவாட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்திருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் காலையில் குழாயில் தேங்கும் தண்ணீர் அதில் இறங்கி, சூடேறும்போது உள்ளே இருக்கும் பீங்கான் விரிந்து உடைந்துவிடும்.

இனி கழற்றும் வேலை. இதை ஒரு வாரம் முன்னாலேயே தொடங்குங்கள். ஞாயிறு வேலை என்றால் முந்தின திங்களிலிருந்து தினமும் சாயங்காலம், இஞ்சின் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, ஒவ்வொரு நட்டின் அடியிலும் துருவுக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயில் அடியுங்கள். கொதிக்கும் மேனிஃபோல்டில் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். எஸ்டீமில் ஒரு வசதி, மேனிஃபோல்டு இஞ்சினுக்கு முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்து இருக்கிறது. ஹீட் ஷீல்டு தகரத்தைக் கழற்றினால் எல்லா நட்டும் கண்ணுக்குத் தெரியும். கம்பி பிரஷ் வைத்து ஸ்டட்டின் (ஹெட்டில் பதித்த, நட்டு ஏறும் மரைக்கம்பி) வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்துவிடுங்கள். நட்டு வெளியே வரும்போது அந்தத் துருவில்தான் இறுகிக்கொள்ளும்.

வேலை நாளில் வண்டி முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பின் சக்கரத்துக்கு அடை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். தம்பி, இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். வாசலில் கிடக்கிற ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் வைத்துப் படுக்கவே படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் விரிசல் விடுவதைக் காட்டாது, ஒரே நொடியில் பொடியாகும். ஸ்டாண்டு இல்லையென்றால் வாடகைக்கோ கடனாகவோ வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்கும்வரை வேலையைத் தள்ளிப் போடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மேலே பார்த்துத் திருகும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

சென்சாரின் வயர் கனெக்டரை முதலில் பிரித்துவிட்டு, 22 ஸ்பேனரால் சென்சாரைத் திருகி எடுங்கள். அடுத்து கீழ்க்குழாயோடு சேரும் போல்ட்டுகள். அவை மிகவும் துருப்பிடித்திருந்தால் கவலையே வேண்டாம், அறுத்துப் போட்டுவிடலாம், புது போல்ட் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டுகள் அப்படி இல்லை. அவை அலுமினியத்தில் புதைந்திருக்கின்றன.

அங்கே ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் மட்டும் போடுங்கள். பன்னிரண்டு முனை பாக்ஸ் நட்டின் மூலையை மழித்துவிடும். நட்டை முதலில் ஒரு இழை இறுக்குங்கள், பிறகு தளர்த்துங்கள். இறுக்கும்போது துருவின் பிடி உடையும். கால் சுற்று வெளியே வந்ததும் எண்ணெய் அடித்து அரைக்கால் சுற்று உள்ளே விடுங்கள், திரும்ப வெளியே எடுங்கள். நட்டு கீச் என்று கத்திக்கொண்டு நகர்ந்தால் நல்லது, அது வந்துவிடும். சத்தமே இல்லாமல், ரப்பரை முறுக்குவதுபோல் ஸ்பேனர் மெதுவாக வளைந்துகொடுத்தால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். நகர்வது நட்டு இல்லை, உள்ளே ஸ்டட் முறுகிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் கை பழகிக்கொண்டால் பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி.

பெரும்பாலும் இரண்டு ஓரத்தில் இருக்கும் ஸ்டட்டுகள்தான் தகராறு செய்யும். காரணம் இருக்கிறது. ஒரு அடி நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. தண்ணீர் ஓடும் அலுமினிய ஹெட் 90 டிகிரி பக்கமே நிற்பதால் அரை மில்லிமீட்டர்தான் நீள்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஒவ்வொரு பயணத்திலும் ஓர ஸ்டட்டுகள்தான் வளைந்து வளைந்து தாங்கியிருக்கின்றன. இருபது வருஷம் அப்படி வளைந்த கம்பி களைத்துத்தான் இருக்கும்.

எனக்கு நடந்தது நான்காவது சிலிண்டரின் ஓர ஸ்டட்டில். மறுநாள் காலையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், இரவு எட்டு மணி, ஒரு நட்டுதான் பாக்கி. அந்த ரப்பர் இழுவை கையில் தெரிந்தது. தெரிந்தும் ஸ்பேனரில் குழாயைச் சொருகி இழுத்தேன். டக் என்று ஒரு சின்னச் சத்தம். ஹெட்டின் முகத்தோடு சமமாக ஸ்டட் முறிந்திருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் கை டிரில்லை எடுத்தேன். இரும்பு ஸ்டட் கெட்டி, சுற்றியிருக்கும் அலுமினியம் மெத்து. டிரில் பிட் கெட்டியை விட்டு மெத்துப் பக்கம் சறுக்கிவிட்டது. ஓட்டை கோணலாக இறங்கியது. கடைசியில் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அலுமினிய வெல்டிங் போட்டு, புது மரை வெட்டி, ஹெட் பேக்கிங் மாற்றி, இரண்டு வாரம் வண்டி நின்றது.

உங்களுக்கு அப்படி முறிந்தால் டிரில்லைத் தொடாதீர்கள். ஸ்டட் கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால், அனுபவமுள்ள வெல்டர் ஒருவரை வரவழைத்து, அதன் மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் ஓட்டை வழியாக உள்ளே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டிலேயே ஸ்டட்டின் பிடி தளர்ந்துவிடும். சிவப்பு ஆறியதும் சாதாரண மெழுகுவர்த்தியை மரையோரம் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் ஆறவிட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டினால் வந்துவிடும். வெல்டிங் வைக்கும்போது பேட்டரியோடு ஈசியூ கனெக்டரையும் பிரித்து வையுங்கள். மரை போய்விட்டாலும் ஹெலிகாயில் (ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்யலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

நட்டைத் திருகும்போது ஸ்டட்டும் சேர்ந்தே வந்தால் அது தப்பில்லை, நல்லதுதான். வந்ததற்கெல்லாம் புது ஸ்டட் போடுங்கள். 8 மில்லிமீட்டர், 1.25 பிட்ச். நட்டுகள் அனைத்தும் புதிது, செம்பு பூசியது கிடைத்தால் அதுவே நல்லது, அடுத்த முறை கழற்ற எளிது.

மேனிஃபோல்டு கீழே வந்ததும் போர்ட்டுகளில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டு ஹெட்டின் முகத்தைச் சுரண்டுங்கள். பழைய பேக்கிங் ஒட்டியிருக்கும். அலுமினியம் என்பதால் பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஸ்கிராப்பர் போதும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் முகம் பள்ளமாகும்.

பேக்கிங் எப்போதும் புதிது. எஃகுத் தகடு அடுக்கிச் செய்தது வாங்குங்கள். பேக்கிங் மேல் சிலிக்கான் சீலண்ட் தடவும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. இங்கே வேண்டாம். எக்ஸாஸ்ட் போர்ட்டின் சூட்டுக்கு அது கருகிப் போகும், அந்தப் புகை ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும்.

ஹெடரைக் கீழிருந்து ஏற்றி ஸ்டட்டில் உட்கார வைத்து, எல்லா நட்டையும் கையாலேயே விட்டுவிடுங்கள். கீழ்க்குழாயையும் தளர்வாகச் சேருங்கள். எல்லாம் தன் இடத்தில் இயல்பாக உட்கார்ந்த பிறகே ஸ்பேனர். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கடைசிச் சுற்று 23 நியூட்டன் மீட்டர். இல்லையென்றால் சின்ன ஸ்பேனரை மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும், தோள் பலம் வேண்டாம். கீழ்க்குழாய் ஓட்டைக்கு ஓட்டை வரவில்லை என்று நெம்பி மாட்டாதீர்கள். அந்த நெம்பல் முழுவதும் ஹெட்டின் ஸ்டட்டுக்குப் போகும். ஸ்டெயின்லெஸ் சாதாரண இரும்பைவிட அதிகமாக விரியும். 60 சென்டிமீட்டர் குழாய் 500 டிகிரியில் அரை சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சி போக ஒரு இடம் வேண்டும். கீழே வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப் ஒன்று இருக்கட்டும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் தொங்கிப் போயிருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

சென்சாரை மாட்டும்போது மரையில் மட்டும் ஆன்டி சீஸ் (மரை இறுகிக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவுங்கள், நுனியில் படக்கூடாது.

அடுத்து இடைவெளி. குறுக்காக வைத்த இஞ்சின் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதும் விடும்போதும் தன் ரப்பர்களில் முன்னும் பின்னும் ஆடும். ஹெடர் ரேடியேட்டர் ஃபேனுக்கு நேர் எதிரில் இருக்கிறது. நின்ற நிலையில் ஒரு விரல் இடைவெளி போதும் என்று நினைத்தால், ரிவர்ஸ் எடுக்கும்போது இடிக்கும். இரண்டு விரலாவது வேண்டும். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, வேறொருவரை உட்காரச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கும் ஃபுட் பிரேக்கும் பிடித்தபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். ஃபேன் வயர், பிளாஸ்டிக் பகுதி எதுவும் ஹெடர் பக்கம் தொங்காமல் கட்டிவிடுங்கள். பழைய ஹீட் ஷீல்டைப் பொருத்த முடிந்தால் விடாதீர்கள். சிலர் ஹெடர் முழுக்க நாடா சுற்றுவார்கள். நம் மழைக்கு அது ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும், சாதாரண இரும்புக் குழாயை அரித்துவிடும். உங்கள் குழாய்க்கும் அவசியம் இல்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் குழாய் முழுவதையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்து மணம் போகும்வரை காத்திருங்கள். கைரேகை எண்ணெய் அப்படியே இருந்தால் ஸ்டெயின்லெஸில் நிரந்தரமாகச் சுட்டுப் பதிந்துவிடும். முதல் பத்து பதினைந்து நிமிஷம் புகை வரும், பயப்பட வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் இஞ்சினை ஓட விடவே கூடாது. கசிவு பார்க்க, இஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து ஒருவர் ஈரச் சாக்கால் சைலன்சர் வாயைச் சில விநாடி அடைக்கட்டும். கசிவு இருந்தால் ஃபிளேஞ்ச் ஓரத்தில் உஸ் உஸ் என்று தெளிவாகக் கேட்கும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். வெளியே புகை போவது மட்டும் பிரச்சினை இல்லை, இரண்டு அடிப்புகளுக்கு நடுவில் அதே ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். புது ஹெடர் மாட்டினேன், மைலேஜ் போச்சு என்று வருகிறவர்களில் பலருக்குக் காரணம் இந்தச் சின்ன ஓட்டைதான். ஆறிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள், 200 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொருமுறை.

சத்தம் கொஞ்சம் மாறும். கனத்த வார்ப்பிரும்பு அமுக்கி வைத்திருந்ததை மெல்லிய குழாய் வெளியே விடும், அதனால் தகரத்தில் தட்டுவதுபோல் ஒரு மெல்லிய ஓசை சேரும். அது கசிவு இல்லை.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சைலன்சரையும், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரையும் தொடாதீர்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்தே புது பெட்ரோல் கார்களுக்கு கன்வர்ட்டர் கட்டாயம். உங்கள் 2001 வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஹெடர் அதைத் தாண்டிப் போய்விடுகிற மாதிரி செய்திருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சத்தமும் புகையும் வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்ஸுக்கும் மூன்று மாதத் தடை. 52-ஆவது பிரிவு வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதைப் பற்றியது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆகவே வேலை முடிந்த வாரமே பியூசி (புகைச் சோதனைச் சான்று) எடுத்துப் பாருங்கள். ஹெடருக்கு முந்தின பியூசி சீட்டு இருந்தால் பக்கத்தில் வைத்து சிஓ (கார்பன் மோனாக்சைடு) அளவை ஒப்பிடுங்கள். திடீரென்று ஏறியிருந்தால் திரும்பவும் அந்தக் கசிவைத் தேடுங்கள்.

பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசலை நிக்கல் ராடு வைத்து, முன்கூட்டியே சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு ஒட்டத் தெரிந்த வெல்டர்கள் கோவையில் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டி, முகத்தை கிரைண்டிங் போட்டு, எண்ணெய் தடவி ஒரு சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசில் காட்ட வேண்டும். அன்றைக்கு ஒரிஜினலாகவே வேண்டும் என்று சொல்லிவிட்டால், புது ஸ்டட்டும் செம்பு நட்டும் போட்டிருக்கிற உங்கள் இஞ்சினில் அதைத் திரும்ப மாட்ட ஒரு மணி நேரம் போதும்.